கேஸ் வாடை எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

கேள்வி: வயது 46. சமையலறையில் வேலையாக இருந்தபோது லேசாக கேஸ் வாடை வந்தது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டதே என்று விட்டுவிட்டேன். கல்லூரியிலிருந்து வந்த மகள் வாசலில் கால் வைத்ததுமே "கேஸ் கசியுதும்மா" என்று கத்தினாள். பார்த்தால் டியூபில் கசிவு. காபி, சாம்பார் மணமெல்லாம் நன்றாகவே தெரிகிறது. என் மூக்கில் கோளாறா, டாக்டர்?

பதில்: கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. காபி மணக்கிறது என்றால் முகர்வு நரம்பு வேலை செய்கிறது. கேஸ் போனதால் வாடை போகவில்லை. ஒரே வாடை விடாமல் வந்துகொண்டிருந்ததால், அதை அறியும் நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், மூளைக்கு அனுப்பும் மின் துடிப்பைக் குறைத்துக்கொண்டன.

இது மூக்குக்கு மட்டும் உள்ள குணமல்ல. 1926-இல் நரம்பு ஆய்வாளர்கள் எட்கர் ஏட்ரியனும் இங்வே சாட்டர்மனும் தவளைத் தசையில் எடையைத் தொங்கவிட்டு, ஒற்றை நரம்பிழையின் மின் துடிப்புகளைப் பதிவுசெய்தார்கள். எடை மாறவில்லை. துடிப்புகளோ முதலில் அடுக்கடுக்காக வந்து, போகப்போக இடைவெளி கூடிக்கொண்டே போயின. மூக்குத்தி நாளெல்லாம் உறுத்தாததும் இந்தக் குணத்தால்தான். வலி நரம்புகளோ எளிதில் இப்படி அடங்குவதில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

மூக்கின் உள்ளே மேற்பகுதியில் நடப்பது இது: நியூரானின் மேல் வாடையைப் பிடிக்கும் புரதம் ஏற்பி. வாடை மூலக்கூறு அதில் ஒட்டியதும் நியூரானுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள் பெருகுகிறது. அதனால் நியூரானின் சவ்வில் உள்ள அயனிக் கதவுகள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. துடிப்பைக் கிளப்ப உதவும் அந்தக் கால்சியமே அதை அடக்கவும் செய்கிறது. கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து கதவுகளை மந்தமாக்கிவிடுகிறது. அதே அளவு சைக்ளிக் ஏ.எம்.பி. இருந்தாலும் கதவுகள் முன்போலத் திறப்பதில்லை. முதல் ஓரிரு நொடிகளிலேயே துடிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். மீதி வேலை மூளையுடையது. மூக்கின் செய்தி முதலில் போய்ச்சேரும் மூளைப் பகுதி முகர்வுக் குமிழ். அதில் உள்ள கிரானுல் செல்கள் என்ற நரம்பு செல்கள், வந்துகொண்டே இருக்கும் அந்தச் செய்தியை அமுக்குகின்றன. ஒரு நிமிடம் போல ஆனதும் வாடை கிட்டத்தட்ட இல்லாமலே போகும். மனிதருக்குச் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் உண்டு. காபிக்குத் துடிக்கும் கூட்டம் வேறு என்பதால் அந்த மணம் குறையவில்லை. உங்கள் மகள் வெளிக்காற்றிலிருந்து வந்தவள், அவளுடைய நியூரான்கள் ஓய்ந்திருக்கவில்லை.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிவு தெரிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். நின்றுகொண்டு சமைப்பவரின் மூக்குக்கு எட்டுவதே குறைவு, எட்டியதும் சீக்கிரம் பழகிவிடுகிறது. அதனால் முதல் மூச்சில் வந்த வாடையை மட்டும் நம்புங்கள், பிறகு அது குறைந்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள். வாடை வந்தால் அடுப்பை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் அதே விதி, பலர் தவறுவது அங்கேதான். வெளியே போன பிறகு கேஸ் கசிவு அவசர எண்ணான 1906-க்கு போன் செய்யுங்கள். "போய்விட்டதா" என்று திரும்பிப்போய் முகர்ந்து பார்ப்பதும் தவறு. வெளிக்காற்றில் சில நிமிடங்களில் மூக்கு தேறிவிடும் என்றாலும், சோதிக்க வேண்டியது மெக்கானிக். அவர் டியூபிலும் இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதை நினைக்கவும் கூடாது.

சந்தேகம் தீர வேண்டுமானால் வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடி, ஒரு நாசியை அடைத்துக்கொண்டு, மற்றதில் காபித்தூளை முகருங்கள். பிறகு நாசியை மாற்றிப் பாருங்கள். கற்பூரமோ தைலமோ வேண்டாம், அவை முகத்தின் உணர்வு நரம்பையும் தூண்டுவதால் முகர்வு இல்லாதவருக்கும் 'சுருக்' என்று தெரியும். காபி எதிலும் மணக்கவில்லை என்றாலோ, ஒரு பக்கம் மட்டும் தெரியவில்லை என்றாலோ, சளி விட்டு இரண்டு வாரமாகியும் மணம் திரும்பவில்லை என்றாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தலையில் அடிபட்ட பின் மணம் போயிருந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.