கப்பல் வேலைக்குப் போகும் பெண்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிறேன். வணிகக் கப்பலில் டெக் அதிகாரி, அதாவது கப்பலைச் செலுத்தும் அதிகாரி, ஆக ஆசை. எந்தப் படிப்பில் சேரலாம்?

பதில்: படிப்பைத் தேடும் முன் கண்ணைச் சோதித்துவிடுங்கள். கட்டணம் கட்டிய பிறகு நிறக்குறைபாடு தெரியவந்து திரும்புகிறவர்கள் உண்டு. இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அதன் சிவப்பு, பச்சை விளக்குகள்தான் சொல்லும். அதனால் டெக் பிரிவில் நிறப் பார்வைக்கு விலக்கு எதிர்பார்க்காதீர்கள். இன்ஜின் பிரிவில் விதி சற்றுத் தளர்வு. கண்ணாடி போடுவது மட்டும் தடையல்ல. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/12 பார்வை டெக்குக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவு. சில நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். கடலோடிகளுக்குச் சான்று தர அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடமே போங்கள். வேறு மருத்துவரின் சீட்டு செல்லாது.

அடுத்தது கடல் பணிக்காலம். இடறி விழுபவர்களில் பலர் இங்கேதான் விழுகிறார்கள். வகுப்பறைப் பாடம் முடித்தால் மட்டும் அதிகாரி ஆக முடியாது. கடலோடிகளின் பயிற்சி, சான்று பற்றிய சர்வதேச உடன்படிக்கையான எஸ்டிசிடபிள்யூவின்படி, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் ரெக்கார்ட் புக்கோடு (செய்த பயிற்சி வேலைகளைப் பதியும் புத்தகம்) குறைந்தது 12 மாதம் கடல் பணி வேண்டும். அதில் 6 மாதமாவது மேற்பார்வையில் பிரிட்ஜ் (கப்பலைச் செலுத்தும் மேல்தள அறை) காவல் பார்த்திருக்க வேண்டும். அத்தகைய திட்டத்தில் சேராதவர்களுக்கு 36 மாதம். ஆகவே கல்லூரியிடம் கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் பற்றிக் கேட்காதீர்கள். 'கேடட் (கப்பலில் பயிற்சி அதிகாரி) இடம் எந்த நிறுவனத்தில்? எழுதித் தருவீர்களா? சென்ற முறை சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள்?' என்று கேளுங்கள். 'இடம் கிடைக்க முழு உதவி செய்வோம்' என்றால் இடம் இல்லை என்றே அர்த்தம்.

வேலைக்கு ஏற்றிவிடப் பணம் கேட்கும் ஏஜென்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இன்படி பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம் (கடல் பணிகளைப் பதியும் அரசு அடையாள ஆவணம்), மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவைத்தான் உங்கள் தலையில் வைக்கலாம். வேலை வாங்கித் தருவதற்கான கட்டணத்தை உங்களிடம் வசூலிக்கக் கூடாது.

ஏறிய பிறகு, ரெக்கார்ட் புக்கில் அந்தந்த வேலைக்கான கையெழுத்தை அந்த வாரமே வாங்குங்கள். வேலையைப் பார்த்த அதிகாரி ஒப்பந்தம் முடிந்து இறங்கிவிட்டால் பிறகு யாரும் போட மாட்டார்கள். நீங்கள் இறங்கும் அன்று, பணிக்காலக் கடிதத்திலும் கடலோடிப் புத்தகத்திலும் தேதிகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நாள் பிசகினாலும் தேர்வு விண்ணப்பம் திரும்பி வரலாம்.

கேள்வி: மகள் மரைன் இன்ஜினீயரிங் கேட்கிறாள். இன்ஜின் ரூமில் பளு தூக்கும் வலு வேண்டாமா?

பதில்: பிஸ்டனை ஆண்களும் கையால் தூக்குவதில்லை. அதற்கு மேலே கிரேன், மற்றவற்றுக்குச் சங்கிலியால் பளு தூக்கும் செயின் பிளாக், பெரிய நட்டுகளை இறுக்க ஹைட்ராலிக் ஜாக். முதுகை நம்பித் தூக்குபவர் எவராயினும் காயப்படுவார்.

கவலைப்பட வேண்டியது உடையின் அளவைப் பற்றித்தான். தொங்கும் பாய்லர் சூட் (உடல் முழுதும் மூடும் வேலை உடை) கை, சுழலும் ஷாஃப்டில் சிக்கும். பெரிய கையுறையில் சின்ன நட்டு பிடிபடாது. கடலில் இறங்க நேர்ந்தால் குளிரிலிருந்து காக்கும் இம்மர்ஷன் சூட் பெரிதாக இருந்தால் முகத்தைச் சுற்றிய ஓரம் ஒட்டாமல் குளிர்ந்த நீர் உள்ளே புகும். அதை யார் உதவியும் இல்லாமல் 2 நிமிடத்துக்குள் போட முடிய வேண்டும். ஏறிய முதல் நாளே போட்டுப் பாருங்கள். சரியான அளவில் பாதுகாப்பு உடை தர வேண்டும் என்பது 2024 டிசம்பர் முதல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. சேரும்போதே பூட்ஸ் எண் உட்பட எல்லா அளவுகளையும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கப்பலில் நான் ஒருத்திதான் பெண் என்றால்?

பதில்: அப்படி இருக்கவே வாய்ப்பு அதிகம். 2021இல் வெளியான உலகக் கடலோடிகள் அறிக்கையின் மதிப்பீட்டில் பெண்கள் 24,059 பேர், அதாவது 1.28 சதவீதம். தூங்கும் அறையும் குளியலறையும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஏறியதும் அறைப் பூட்டைச் சரிபாருங்கள். மாஸ்டர் சாவி யாரிடம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாப்கின் முழு ஒப்பந்தத்துக்கும், அதற்கு மேல் இரண்டு மாதத்துக்கும் கொண்டுபோங்கள். துறைமுகத்தில் இறங்கி வாங்க நேரம் கிடைக்காமல் போகலாம். அதைக் கழிவறையில் போடவே கூடாது. காற்று உறிஞ்சி இழுக்கும் வேக்யூம் கழிவறையில் ஒன்று அடைத்தால் அந்த வரிசை முழுதும் நின்றுவிடும். குழாயைக் கழற்றுவது உங்கள் இன்ஜின் பிரிவு சகாக்கள்தான்! பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். கடலில் எறிவதும் குற்றம்.

யாராவது அத்துமீறினால் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் எல்லாவற்றையும் அன்றே எழுதிவையுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். கப்பலில் புகார் செய்யும் முறையின் பிரதி உங்களுக்குத் தரப்பட வேண்டும். நேரே கேப்டனிடமோ வெளியே உள்ள அதிகாரிகளிடமோ போகவும் அதில் வழி உண்டு. கரையில் இருக்கும் டிபிஏ எனும் நிறுவனப் பொறுப்பாளரின் எண் கப்பலில் ஒட்டப்பட்டிருக்கும். முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாதக்கணக்கில் கடலில் இருக்க விருப்பமில்லை. வேறு வழி?

பதில்: கப்பல் வடிவமைப்பு, கடலாழ அளவாய்வு, துறைமுகக் கிரேன் இயக்கம், கப்பல் காப்பீடு என்று நிறைய. ஒரு எச்சரிக்கை: பைலட் (துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டுபவர்) வேலைக்கும் பல சர்வேயர் (கப்பலை ஆய்வு செய்பவர்) வேலைகளுக்கும் கடல் அனுபவம் கேட்பார்கள். அவைதான் இலக்கு என்றால் சில ஆண்டுகள் கப்பலேறித்தான் ஆக வேண்டும்.