குரல் கம்மினால் மார்புக்கு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: ஒரு மாதமாகக் குரல் கம்மியிருக்கும் என் தந்தையின் இடது குரல்நாண் அசையவில்லை என்ற மருத்துவர், மார்புக்கு சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தது ஏன்?

பதில்: அவர் செய்தது சரியே. மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையே, இரு நுரையீரல்களுக்கு நடுவில் உள்ள மீடியாஸ்டைனம் என்னும் பகுதியில் இதயம், பெருந்தமனி, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், தைமஸ் சுரப்பி, நிணநீர்க் கணுக்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இடது குரல்நாணை அசைக்கும் நரம்பு, நேராகக் குரல்வளைக்குப் போகாமல், மூளையிலிருந்து வரும் வேகஸ் என்ற பெரிய நரம்போடு மார்புக்குள் இந்தப் பகுதிக்கு இறங்கி, பெருந்தமனி வளைவின் அடியில் கொக்கிபோல் திரும்பி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடைப்பட்ட பள்ளத்தின் வழியே மீண்டும் கழுத்துக்கு ஏறுகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரையே சுற்றுவதுபோலத்தான். அந்த வளைவருகே நிணநீர்க் கணு வீங்கினாலோ, கட்டி வளர்ந்தாலோ, தமனி புடைத்தாலோ நரம்பு நசுங்கிக் குரல் கம்மிவிடும். வலப்பக்க நரம்பு கழுத்தடியிலேயே திரும்பிவிடுவதால் அதற்கு இந்த ஆபத்து குறைவு. ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.