அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு

(கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். 'ஹைஃபன்' என்றால் - குறி, 'டாட்' என்றால் புள்ளி.)

கேள்வி: பாஷ், கிட், விம் போன்ற புரோகிராம்களின் செட்டிங் ஃபைல்களை எல்லாம் செஸ்மொய் (chezmoi) என்ற டூலில் வைத்திருக்கிறேன். வீட்டில் ஒரு லேப்டாப், மதுரை ரூமில் ஒன்று, இரண்டும் உபுண்டு லினக்ஸ். முதலில் அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் வழியாகப் போட்டேன், நண்பர் சொன்னார் என்று வீட்டு லேப்டாப்பில் ஸ்னாப்பிலும் (உபுண்டுவில் புரோகிராம் போடும் இன்னொரு வழி) போட்டேன். எத்தனை தடவை 'செஸ்மொய் அப்டேட்' கொடுத்தாலும் பழைய வெர்ஷன் நம்பர்தான் வருகிறது. எங்கே தப்பு?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முதலில் பேரைச் சொல்லிவிடுகிறேன், இது மொய் எழுதுகிற டூல் இல்லை. பிரெஞ்சுச் சொல், 'ஷே முவா' என்று சொல்ல வேண்டும், 'என் வீட்டில்' என்று அர்த்தம். டாம் பெய்ன் என்பவர் 'கோ' என்ற புரோகிராம் மொழியில் எழுதியது. எனக்கும் வாய் 'மொய்' என்றுதான் போகிறது, அப்படியே வைத்துக்கொள்வோம்.

உங்களிடம் இரண்டு கோளாறு இருக்கிறது, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கிறது. 'அப்டேட்' என்பது டூலைப் புதுப்பிக்கிற கட்டளையே இல்லை. உங்கள் கிட் ரெப்போவில் (ஃபைல்களை அவற்றின் மாற்றங்களோடு சேமித்து வைக்கும் கிடங்கு) இருக்கும் செட்டிங் மாற்றங்களை இழுத்து வந்து இந்த மெஷினில் போடும், அவ்வளவுதான். டூலே புதிதாக வேண்டும் என்றால் 'செஸ்மொய் அப்கிரேட்'. பேரை இப்படி வைத்தால் யாருக்குத்தான் குழம்பாது?

இரண்டாவது, ஒரே பேரில் இரண்டு காப்பி. உங்கள் ஊர்க் கரையில் நின்று "அந்தோணியார்!" என்று படகுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எத்தனை படகில் இருந்து ஆள் திரும்பும்? பக்கத்தில் நிற்கிற படகுக்காரர்தான் முதலில் கேட்பார். கட்டளை அடிக்கிற டெர்மினலிலும் அதே கதை. 'டைப் ஹைஃபன் ஏ செஸ்மொய்' என்று அடித்துப் பாருங்கள், இரண்டு வரி வரும். மேலே இருப்பது வீட்டு (ஹோம்) ஃபோல்டருக்குள் டாட் லோக்கல், அதற்குள் பின், அங்கே ஸ்கிரிப்ட் போட்ட பழைய காப்பி. கீழே இருப்பது ஸ்னாப்பின் காப்பி. உபுண்டு தேடும் வரிசையில் வீட்டு ஃபோல்டர் முன்னால், ஸ்னாப் கடைசியில். ஸ்னாப் தன்பாட்டுக்குப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், ஆனால் நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் குரல் கொடுப்பது பழையதுதான்.

ஒன்றைத் தூக்கிவிடுங்கள். நான் ஸ்னாப்பைத்தான் தூக்கச் சொல்வேன். அது ஒரு நாளைக்கு நாலு தடவை புதுசு இருக்கிறதா என்று தேடும், தீவில் மொபைல் டேட்டாவை நம்பி இருக்கிறவருக்கு அது வேண்டாத செலவு. 'சூடோ ஸ்னாப் ரிமூவ் செஸ்மொய்' கொடுத்த பிறகு 'செஸ்மொய் அப்கிரேட்', அப்புறம் 'செஸ்மொய் ஹைஃபன் ஹைஃபன் வெர்ஷன்'. அப்கிரேட் அடம் பிடித்தால், முதலில் போட்ட அதே ஸ்கிரிப்டை அதே ஃபோல்டருக்கு மறுபடி ஓட்டினால் பழையதன் மேலேயே புதியது உட்கார்ந்துகொள்ளும். செட்டிங் ஃபைல்கள் போய்விடுமோ என்று பயம் வேண்டாம். அவை இருப்பது டாட் லோக்கலில் ஷேர், அதற்குள் செஸ்மொய் என்ற தனி ஃபோல்டர். டூலை நூறு தடவை அழித்துப் போட்டாலும் அது அப்படியே கிடக்கும்.

ஆனால் அந்த 'அப்டேட்'டைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கொடுத்தேன். இந்த ஃபைலைக் கையால் மாற்றியிருக்கிறாய், மேலே எழுதவா, விடவா என்று அது ஒழுங்காகத்தான் கேட்டது, நான் 'எல்லாவற்றையும் மேலெழுது' என்பதைத் தட்டிவிட்டேன். அந்த மெஷினில் மட்டும் நேரடியாக எழுதி வைத்திருந்த, சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வரிகள் இருபதும் போச்சு, மறுநாள் ஒரு சர்வருக்குள்ளும் போக முடியவில்லை. இப்போதெல்லாம் 'செஸ்மொய் சிடி' போட்டு உள்ளே போய் 'கிட் புல்', வெளியே வந்து 'செஸ்மொய் டிஃப்'. என்ன மாறப்போகிறது என்று பார்த்த பிறகுதான் 'செஸ்மொய் அப்ளை'.

கேள்வி: ஸ்கிரிப்டை ஓட்டினேன், இன்ஸ்டால் ஆகிவிட்டது என்றது. ஆனால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது.
- வாசகர், மண்டபம்

பதில்: டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டினீர்களா? அங்கேயே 'பின்' என்று ஒரு குட்டி ஃபோல்டர் இருக்கும், பாருங்கள். எங்கே நிற்கிறோமோ அங்கே 'பின்' உண்டாக்கிப் போடுவதுதான் அந்த ஸ்கிரிப்டின் வழக்கம். ஃபைலை வீட்டு ஃபோல்டரின் டாட் லோக்கல் பின்னுக்கு நகர்த்திவிட்டு லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். அந்த ஃபோல்டரையே இன்றுதான் உண்டாக்கினீர்கள் என்றால் அடுத்த லாகின் வரை உபுண்டு அதைக் கண்டுகொள்ளாது.

கேள்வி: எங்கள் வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்தான். கரண்ட் போனால் டவரும் படுத்துவிடுகிறது, டவுன்லோடு பாதியில் நிற்கிறது. வேறு வழி உண்டா?
- வாசகி, பாம்பன்

பதில்: சிக்னல் தேடி தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், அங்கே இலங்கை டவர்தான் போனை வரவேற்கும்! இந்த டூல் ஒரே ஒரு ஃபைல், கூட வேறு எதையும் இழுத்து வராது. ராமநாதபுரம் போகும்போது நெட் நன்றாக இருக்கும் இடத்தில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவந்துவிடலாம். கிளம்பும் முன்னால் உங்கள் லேப்டாப்பில் 'யுநேம் ஹைஃபன் எம்' அடித்துப் பாருங்கள். எக்ஸ்86 என்று ஆரம்பித்து 64 என்று முடிந்தால் ஏஎம்டி64 ஃபைல், 'ஏஆர்ச்64' என்று வந்தால் ஆர்ம்64 ஃபைல். ஏஎம்டி என்று பார்த்ததும் "என்னுடையது இன்டெல் ஆச்சே" என்று விட்டுவிடாதீர்கள், இன்டெலுக்கும் அதுதான்.

இறக்கியபடி டார் ஃபைலாகவே (சுருக்கிக் கட்டிய பொட்டலம்) கொண்டுவாருங்கள், பென் டிரைவிலேயே பிரிக்க வேண்டாம். பென் டிரைவ்கள் பெரும்பாலும் விண்டோஸ் பாணியில் ஃபார்மட் ஆனவை, 'இந்த ஃபைலை ஓட்டலாம்' என்ற அனுமதியை நினைவில் வைக்காது. கூடவே செக்சம் பட்டியலையும் (ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிய சரிபார்ப்பு எண்) இறக்கிக்கொள்ளுங்கள், வீட்டில் 'ஷா256சம்' ஓட்டி ஒத்துப்பார்த்தால் பாதியில் அறுந்த ஃபைலா, முழுசா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: பாஸ்வேர்டு உள்ள ஃபைலையும் 'செஸ்மொய் ஆட்' கொடுத்து ரெப்போவுக்கு அனுப்பிவிட்டேன். அழித்துவிட்டேன், போதுமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: போதாது. கிட்டின் பழைய கமிட்டுகளில் (முன்பு சேமித்த பதிவுகளில்) அது இன்னும் இருக்கிறது. பத்திரிகையை மூடி வைத்துவிட்டு முதலில் போய் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.