ஒட்டுவதும் பிளப்பதும் ஒரே சொல்லா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ‘ஷி க்ளீவ்ட் டு ஹர் ஓல்ட் பிலீஃப்ஸ்’ என்று ஒரு வரி. அகராதியில் ‘க்ளீவ்’ என்பதற்கு ‘பிள’ என்று முதலில் இருந்ததால், ‘அவள் தன் பழைய நம்பிக்கைகளிலிருந்து பிரிந்துவிட்டாள்’ என்று எழுதினேன். கதையின் அடுத்த பத்தியோ நேர்மாறாகப் போகிறது. திரும்ப அகராதியைப் பார்த்தால் கீழே ‘ஒட்டிக்கொள்’ என்றும் இருக்கிறது. ஒரே சொல் எப்படி இரண்டையும் குறிக்கும்? எங்கே எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இறந்தகால வடிவங்கள் வேறு நாலைந்து இருக்கின்றன. எதை எங்கே எழுதுவது?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் வரி. ‘அவள் தன் பழைய நம்பிக்கைகளை விடாமல் பற்றிக்கொண்டாள்’ என்று மாற்றிவிடுங்கள்.

ஒரு சொல் எதிரெதிரான இரண்டைக் குறிக்கிறது என்று எண்ணுவதால்தான் குழப்பம். உண்மையில் இவை இரண்டு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் பிளப்பதற்கு ‘க்ளேயோஃபன்’, ஒட்டுவதற்கு ‘க்ளிஃபியன்’ என்று தனித்தனி வினைகள் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் ஒலிகள் தேய்ந்து இரண்டும் ஒரே உச்சரிப்புக்கு வந்து சேர்ந்தன, எழுத்தும் ஒன்றாயிற்று. ஜெர்மன் மொழியில் அந்த விபத்து நேரவில்லை. அங்கே பிளப்பது ‘க்ளீபன்’ (இன்று தெற்கு வட்டார வழக்கில்), ஒட்டுவது ‘க்ளேபன்’. வேர்களும் வேறுவேறு. பிளக்கும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் செதுக்குவதைக் குறிக்கும் ‘க்ளூஃபைன்’ உறவு. ‘ஹைரோக்ளிஃப்’ என்பதன் பின்பாதி அதுதான். ஒட்டும் சொல்லுக்குக் களிமண்ணைக் குறிக்கும் ‘க்ளே’யும் பசையைக் குறிக்கும் ‘க்ளூ’வும் உறவு. இந்த உறவுகளை நினைவில் வைத்தால் இரண்டும் மனத்தில் கலக்காது.

வாக்கியத்தில் எது எது என்று கண்டுபிடிக்க, வினையை விட்டுவிட்டு அதற்கு அடுத்து நிற்பதைப் பாருங்கள். ஒட்டும் ‘க்ளீவ்’ செயப்படுபொருளை ஏற்காது. அதன் பின்னால் ‘டு’ வரும், பழைய நடையில் ‘அன்டூ’ வரும். பிளக்கும் ‘க்ளீவ்’ பெரும்பாலும் செயப்படுபொருளோடு வரும்: கோடரி மரத்தைப் பிளந்தது. ‘த்ரூ’ வந்தால் ஊடறுத்துச் செல்வது: கப்பல் அலைகளைக் கிழித்துக்கொண்டு போனது. ‘இன் டூ’ (இரண்டாக), ‘அபார்ட்’, ‘ஃப்ரம்’ வந்தாலும் பிளவுதான். செயப்பாட்டு வினையாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒட்டும் வினைக்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது.

இந்தச் சோதனை வழுக்கும் இடங்கள் இரண்டு. பாறை தானாகப் பிளக்கிறது என்னும்போது செயப்படுபொருளும் இராது, ‘டு’வும் இராது. அங்கே ‘அலாங்’ என்ற சொல்லைத் தேடுங்கள்; குறிப்பிட்ட தளத்தின் வழியே பிளக்கிறது என்று பொருள். இரண்டாவது, பழைய போர்க்கதைகளில் ஒருவனை வாளால் ‘தாடைவரை’ பிளந்தான் என்பதற்கும் ‘டு’ வரும். அது எல்லையைக் காட்டும் ‘டு’. ஆனால் அதற்கு முன்னால் ‘ஒருவனை’ என்ற செயப்படுபொருள் நிற்கிறதல்லவா? அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

தமிழுக்குக் கொண்டுவரும்போது வேற்றுமை உருபு மாறுகிறது. ‘டு’வைப் பார்த்துக் ‘கு’ போட்டால் ‘நம்பிக்கைக்கு ஒட்டினாள்’ என்று உடைந்த தமிழ் வரும். உடலோடு உடை ஒட்டுவது என்றால் ‘ஓடு’, கொள்கை, நம்பிக்கை, மனிதர் என்றால் ‘ஐ’யும் ‘பற்று’ என்ற வினையும். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொள்ளட்டும் என்ற இடத்திலும், ரூத் தன் மாமியாரை விட்டுப் போக மறுக்கும் இடத்திலும் இதே சொல்தான். தமிழ் பைபிள் முதலாவதை ‘ஒட்டிக்கொள்வதாக’ என்றும் இரண்டாவதை ‘விடாமல் பற்றிக்கொண்டாள்’ என்றும் பிரித்துச் சொல்கிறது. நல்ல மொழிபெயர்ப்புக் காது அது.

அந்த ஆங்கில பைபிள் உங்கள் அடுத்த கேள்விக்கும் உதவும். ரூத் பற்றிக்கொண்டதற்கும் ஆபிரகாம் விறகு பிளந்ததற்கும் அதில் ‘க்ளேவ்’ என்ற ஒரே இறந்தகால வடிவம்தான். அதாவது வடிவத்தை வைத்துப் பொருளை முடிவுசெய்யும் வழி அன்றைக்கே அடைபட்டுவிட்டது. இன்று ‘க்ளேவ்’ வழக்கில் இல்லை. ஒட்டும் வினைக்கு ‘க்ளீவ்ட்’ ஒன்றே போதும். பிளக்கும் வினைக்கு ‘க்ளீவ்ட்’, ‘க்ளெஃப்ட்’, ‘க்ளோவ்’ மூன்றும் இருந்தாலும், கடைசியானது பழைய நடை. அறிவியல் எழுத்தில் ‘க்ளீவ்ட்’ மட்டுமே பொருந்தும். பெயரடைகளில் மாற்றிப் போட இடமே இல்லை: பிளந்த அண்ணத்துக்கு ‘க்ளெஃப்ட் பேலட்’, மாடு ஆடுகளின் பிளவுபட்ட குளம்புக்கு ‘க்ளோவன் ஹூஃப்’. ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால் இலக்கணப்படி குற்றமில்லை என்று வாதிடலாம், ஆனால் யாரும் அப்படி எழுதுவதில்லை.

பூண்டுப் பல்லைக் குறிக்கும் ‘க்ளோவ்’ பிளக்கும் சொல்லின் உறவு. மசாலாவில் சேர்க்கும் கிராம்பு ‘க்ளோவ்’ அப்படியல்ல. லத்தீனில் ஆணியைக் குறிக்கும் ‘க்ளாவுஸ்’ வழியாக வந்தது. கிராம்பின் வடிவத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். அதேபோல ‘க்ளீவர்’ கசாப்புக் கத்தி, ‘க்ளீவர்ஸ்’ உடையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு செடி. முன்னது பிளக்கும் வினையிலிருந்து, பின்னது ஒட்டும் வினையின் உறவு. கதையில் யாராவது ‘க்ளீவர்ஸ்’ நிறைந்த வேலியோரம் நடந்துபோனால் அங்கே கத்திகளைக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

பெயர்ச்சொல்லான ‘க்ளீவேஜ்’ எப்போதும் பிளவின் பக்கம்தான். ஆனால் துறைக்குத் துறை தமிழ் மாறவேண்டும். கனிமவியலில் அது படிகம் தன் உள்ளமைப்பின் பலவீனமான தளங்களில் சீராகப் பிளப்பது. அபிரகம் ஒரே திசையில் தாள் தாளாகப் பிரியும், கல்லுப்பு மூன்று திசைகளில் பிளந்து சிறு கனசதுரங்களாகும், வைரத்துக்கு நான்கு திசைகள். குவார்ட்ஸுக்கு இந்தக் குணம் இல்லை, அது முறியும். ஆகவே ‘க்ளீவேஜ்’ வந்தால் பிளவு, ‘ஃப்ராக்சர்’ வந்தால் முறிவு. இரண்டுக்கும் ‘உடைதல்’ என்று போட்டால் பாடமே கெட்டுவிடும். 3,106 காரட் கல்லினன் வைரத்தை 1908இல் ஆம்ஸ்டர்டாமில் ஆஷர் நிறுவனத்தார் இப்படித்தான் பிளந்தார்கள்: சரியான தளத்தில் ஒரு பள்ளம் கீறி, எஃகு அலகை வைத்து, தட்டுவது. திசை தவறினால் கல் சிதறிப்போகும்.

வேதியியலில் பிணைப்பு பிளவுறும்போது இரு அணுக்களும் ஆளுக்கொரு எலக்ட்ரானை எடுத்துக்கொண்டால் சீரான பிளவு, இரண்டையும் ஒன்றே எடுத்துக்கொண்டால் சீரற்ற பிளவு. அரசியல் அறிவியலில் சாதி, மதம், வர்க்கம் போன்று வாக்காளர்களைப் பிரிக்கும் கோடுகளுக்கும் ‘க்ளீவேஜ்’ என்றே பெயர். அங்கே ‘சமூகப் பிளவுக்கோடு’ என்பது பொருந்தும்.

உங்கள் கதைக்குத் திரும்பினால், ‘க்ளீவ் டு’ இன்றைய ஆங்கிலத்தில் சற்றுப் பழமையும் கனமும் கொண்ட பிரயோகம். சாதாரணமாகச் சொல்ல ‘ஸ்டிக்’, ‘க்ளிங்’ இருக்கும்போது ஆசிரியர் இதைத் தேர்ந்திருக்கிறார். அதனால்தான் ‘ஒட்டிக்கொண்டாள்’ என்னாமல் ‘விடாமல் பற்றிக்கொண்டாள்’ என்றேன். கதையில் வேறு இடத்தில் ‘க்ளெஃப்ட்’ வந்தால் அது பாறை இடுக்காகவோ தாடைக் குழியாகவோ இருக்கும். ‘இன் எ க்ளெஃப்ட் ஸ்டிக்’ என்று வந்தால் மட்டும் குச்சியைத் தேடாதீர்கள். எந்தப் பக்கமும் நகரமுடியாமல் மாட்டிக்கொண்டவரைச் சொல்வது, நம் ‘இருதலைக்கொள்ளி எறும்பு’ அங்கே அப்படியே உட்காரும்.