கோழிக் கிறுக்கலுக்கு மார்க் உண்டா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. எழுத்து கோழிக் கிறுக்கல். கண்டித்தால், "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தானே, டாக்டருங்ககூட இப்படித்தானே எழுதுறாங்க" என்கிறான். இரட்டைக்கோடு நோட்டு வாங்கித் தினமும் எழுத வைக்கலாமா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: முதலில் டாக்டர் கதையை முடித்துவிடுவோம். மருந்துச் சீட்டைத் தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் விதியில் சேர்த்துவிட்டது. அவர்களுக்கே அந்தச் சலுகை இல்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தில் பையன் சொல்வது பாதி சரி. குரூப் 4 போன்ற தேர்வுகளில் வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். ஆனால் பத்தும் பன்னிரண்டும் பேனாவில்தான். பிற்பாடு ஐ.ஏ.எஸ். பக்கம் போனால், முதன்மைத் தேர்வின் பொது அறிவு முதல் தாளில் 3 மணி நேரத்துக்கு 20 விடை. ஒன்றுக்கு 9 நிமிடம். அங்கே எழுத்துக்கு அழகு பார்த்துக்கொண்டிருந்தால் பாதித் தாள் காலியாகத்தான் இருக்கும்.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விடைத்தாள் திருத்தும் முகாமில் முகப்புத்தாளைக் கிழித்துவிட்டுத்தான் கட்டைக் கையில் தருவார்கள். பையன் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. இருப்பது எழுத்து மட்டும். முத்து முத்தாக எழுதியதற்காக நான் அரை மார்க்கூடக் கூட்டிப் போட்டதில்லை. ஆனால் மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒரே நெளிவாக இருந்தால், அவன் எழுதியது மனமா, மணமா? பிழை என்றுதான் சுழிக்க வேண்டியிருக்கும். 'ர'வுக்குக் கீழே சாய்த்து இழுக்காமல் விட்டால் அது துணைக்கால் ஆகிவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு, மின்விசிறி வெந்த காற்றை அடிக்கும்போது, கொம்பு ஒற்றையா இரட்டையா என்று உற்றுப் பார்க்க எந்த வாத்தியாருக்குப் பொறுமை இருக்கும்?

இரட்டைக்கோடு நோட்டு வேண்டாம். இந்த வயதில் அவனுக்கு அது அவமானமாக இருக்கும். பழைய வினாத்தாளில் ஒரு நெடுவினாவைக் கடிகாரம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து அதை அவனையே சத்தமாகப் படிக்க வையுங்கள். தடுமாறும் இடங்களைப் பார்த்தால், அநேகமாக நாலைந்து எழுத்துகள்தான் வில்லன். அவற்றை மட்டும் திருத்தினால் போதும். அப்புறம், நகம் வெளுக்கிற அளவுக்குப் பேனாவை இறுக்கிப் பிடிக்கிறானா என்று பாருங்கள். அப்படிப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் கை கடுத்து, கடைசிப் பக்கங்கள் தாறுமாறாகிவிடும். ஜெல் பேனா சிலருக்கு வழுக்கும். அவன் கைக்கு எது ஓடுகிறதோ அதிலேயே இப்போதிருந்து எழுதட்டும். தேர்வுக்கு முந்தின நாள் புதுப் பேனா வாங்கித் தராதீர்கள்.