பழுப்பான தம்ளரும் பளிங்கு போன்ற தண்ணீரும்

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். விற்பனையாளர் ஒருவர் வந்து, எங்கள் தண்ணீர் ஒரு தம்ளர், தான் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் ஒரு தம்ளர் வைத்து, இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தார். எங்களுடையது சில நிமிடங்களில் பழுப்பாகிக் கசடு மிதந்தது. அவருடையது அப்படியே இருந்தது. மாமியார் பதறிப்போய்விட்டார். தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்டும் அவருடைய ஆர்.ஓ. இயந்திரத்தை 16,000 ரூபாய் கொடுத்து வாங்கலாமா?
- வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அந்தக் கசடு உங்கள் கிணற்றுடையது அல்ல, அவர் கம்பியுடையது. தண்ணீரில் கரைந்துள்ள உப்பு மின்சாரத்தைக் கடத்தும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. மறுபடி வந்தால், அவர் தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கம்பியை இறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பழுக்கும், அவர் முகம் வெளுக்கும்.

ஆனால் அவர் காட்டியது பித்தலாட்டம் என்பதால் உங்கள் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது. உங்கள் மாவட்டத்துப் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் கறை படியும், அளவு இன்னும் கூடினால் பெரியவர்களுக்கு மூட்டு இறுகும். பார்த்தால் பளிங்குபோல இருக்கும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். புற ஊதா விளக்கு மட்டும் உள்ள இயந்திரமும் பயன்படாது.

கிருமி வேறு கதை. கொதிக்கவைத்தால் செத்துவிடும், ஆனால் டி.டி.எஸ். மீட்டரில் தெரியாது. அது உப்பைத்தான் கணக்குப் பார்க்கும். மீட்டர் 150 காட்டும் தண்ணீரிலும் செப்டிக் டேங்க் கசிவு கலந்திருக்கலாம். 100 மில்லியில் ஈ.கோலி என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி.

ஆகவே முதலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதியுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலிலேயே பிடித்து, ஐஸில் வைத்து அன்றே கொடுங்கள். பழைய குளிர்பானப் பாட்டில் வேண்டாம்.

தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் அதைக் காய்ச்சிக் குடியுங்கள், 16,000 மிச்சம். போர் மட்டும்தான், ஃபுளோரைடும் அதிகம் என்றால் ஆர்.ஓ. வாங்கத்தான் வேண்டும். ஆனால் இவரிடம் வேண்டாம். ஃபுளோரைடை எவ்வளவு குறைக்கும், ஃபில்டரும் மெம்பிரேனும் மாற்ற ஆண்டுக்கு என்ன செலவு என்று எழுதித் தருபவரிடம் வாங்குங்கள். முன்பணம் கொடுத்துவிட்டிருந்தால், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள்.