வாசகர் கேள்வி பதில்: துருவக் கடலில் பனி குறைந்தால்?

ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனி மொத்தமும் உருகினால் கடல்மட்டம் எத்தனை அடி ஏறும்? (தூத்துக்குடி)

ஏறக்குறைய ஏறவே ஏறாது. மிதக்கும் பனி, தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே ஒதுக்கித் தள்ளிவிட்டுத்தான் மிதக்கிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் நான்கு ஐஸ் கட்டியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் கோடு போடுங்கள். இன்னொன்றில் தண்ணீருக்கு மேல் தலைநீட்டும்படி ஒரு கல்லை வைத்து, கல்லின்மேல் நான்கு கட்டி வைத்துக் கோடு போடுங்கள். உருகி முடிந்ததும், முதல் டம்ளரில் மட்டம் கோட்டிலேயே நிற்கும், இரண்டாவதில் ஏறியிருக்கும். முதல் டம்ளரில் தண்ணீர் போதாமல் கட்டி அடியில் தட்டி நின்றால் கணக்கு தப்பிவிடும், கவனம். கடல் உப்புநீர் என்பதால் மிகச் சிறிய ஏற்றம் உண்டு, அவ்வளவுதான். கல்மேல் இருக்கும் பனிதான் கிரீன்லாந்தும் அண்டார்டிக் நிலப்பரப்பும். கிரீன்லாந்துப் பனி முழுக்க உருகினால் சுமார் 7 மீட்டர் ஏறும்.

அப்படியானால் கடல்பனி போனால் என்ன நஷ்டம்? (சேலம்)

வெப்பக் கணக்கில்தான் நஷ்டம். வானிலிருந்து கொட்டிய புதுப்பனி மூடிய கடல்பனி, விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல் திருப்புவது 6, 7 சதவீதம்தான், மீதியைக் குடித்துவிடும். கோடையில் அப்படிச் சேர்ந்த வெப்பம் வெளியேறினால்தான் கடல் மறுபடி உறைய முடியும். அதனால்தான் ஆர்க்டிக் காற்றின் சூடு ஜூலையைவிட அக்டோபர், நவம்பரில் அதிகமாகக் கூடியிருக்கிறது. உறைவது தள்ளிப்போனால் பனி தடிக்க நாள் போதாது. மெல்லிய பனி அடுத்த கோடையில் சீக்கிரம் உடையும். 1979-க்குப் பின் ஆர்க்டிக், உலக சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது.

இந்தச் சுழற்சிக்கு ஒரு தடையும் உண்டு. மெல்லிய பனி வழியே வெப்பம் சுலபமாக வெளியேறுவதால், குளிர்காலத்தில் அது தடித்த பனியைவிட வேகமாக வளரும். ஒரு மோசமான கோடையோடு எல்லாம் முடிந்துவிடாததற்குக் காரணம் இதுதான்.

பரப்பு ‘இத்தனை லட்சம் சதுர கி.மீ.’ என்று செய்தி வருகிறதே, எப்படி அளக்கிறார்கள்? (மதுரை)

பனியும் நீரும் வெளிவிடும் மைக்ரோவேவ் அலைகளைச் செயற்கைக்கோள் பிடிக்கிறது. மேகமும் ஆறு மாத இருட்டும் இதற்குத் தடையில்லை. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் 15 சதவீதமாவது பனி இருந்தால் முழுக் கட்டத்தையும் கணக்கில் சேர்ப்பார்கள். ஆகவே செய்தியில் வரும் எண், உண்மையில் பனி மூடிய பரப்பைவிடக் கூடுதல். கோடையில் பனியின் மேலேயே குட்டை குட்டையாக உருகிய நீர் தேங்கும்போது கருவி அதைத் திறந்த கடல் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு.

1980களில் செப்டம்பர் பரப்பு 70 லட்சத்தை ஒட்டி இருந்தது. 2012 செப்டம்பரில் 34 லட்சத்துக்கு இறங்கியது. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் கூடியதைக் காட்டி ‘பனி மீண்டுவிட்டது’ என்பவர்கள் தடிமனைப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். அளப்பதுதான் சிரமம்: பனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேல் தெரியும். கிரையோசாட்-2 போன்ற செயற்கைக்கோள்கள் அந்த உயரத்தை அளந்து மொத்தத்தைக் கணக்கிடுகின்றன. அதில் 1 செ.மீ. பிசகினால் தடிமனில் சுமார் 10 செ.மீ. பிசகும். மேலே கொட்டிக் கிடக்கும் புதுப்பனியின் பாரம் இன்னொரு குழப்பம்.

கடல்பனியை உருக்கிக் குடிக்கலாமா? (நாகப்பட்டினம்)

புதிதென்றால் உப்புக் கரிக்கும். இரண்டு மூன்று கோடை கண்ட பனி என்றால் குடிக்கலாம். உருகிய நீர் உப்பைக் கீழே கழுவி இறக்கிவிட்டிருக்கும்.

பனிக்கரடி தவிர வேறு எதற்குப் பாதிப்பு? (கும்பகோணம்)

கரடி உணவுச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. முதல் கண்ணி பனிக்குள் இருக்கிறது. கடல்நீர் சுமார் -1.8 டிகிரியில் உறையும்போது உப்பு, மயிரிழைக் குழாய்களில் ஒதுங்கும். வசந்தத்தில் வெளிச்சம் வந்ததும் அந்தக் குழாய்களிலும் பனியின் அடிப்பக்கத்திலும் பாசி படரும். கட்டியைப் புரட்டினால் அடி பழுப்பாக இருக்கும். கலானஸ் என்ற, அரிசியளவுகூட இல்லாத, இறாலின் தூரத்து உறவான கோபிபாட் உயிரியின் பெண்கள் இந்தப் பாசியைத் தின்று முட்டையிடும். பனி உடைந்து திறந்த நீரில் இரண்டாவது பாசி பெருகும்போது குஞ்சுகள் அதைத் தின்னும். பனி முன்கூட்டியே உடைந்தால் இரண்டு விருந்துக்கும் இடைவெளி குறைந்து, குஞ்சுகள் வளர்வதற்குள் இரண்டாவது முடிந்துவிடும். கலானஸை நம்பித் துருவக் காட் மீன், மீனை நம்பி வளையச் சீல், சீலை நம்பிக் கரடி. சீல் குட்டி போடுவதும் பனிமேல் குவிந்த பனிப்பொடிக் குகையில்தான்.

தெற்கே, அண்டார்டிகாவை ஒட்டிய பெலிங்ஸ்ஹௌசன் கடல் பகுதியில் 2022-இல் பனி முன்னதாக உடைந்து, எம்பரர் பெங்குவின்களின் ஐந்து குடியிருப்புகளில் நான்கில் அந்த ஆண்டு குஞ்சுகளே தப்பவில்லை. நீர் புகாத இறகு முளைக்குமுன் கடலில் விழுந்தால் குஞ்சு பிழைக்காது.

நம் மழைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (சென்னை)

ஆராய்கிறார்கள். ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள காரா கடலில் கோடைப்பனி குறைந்த ஆண்டுகளில் மத்திய இந்தியாவில் செப்டம்பர் கனமழை கூடுவதாகக் கோவாவின் தேசிய துருவ ஆய்வு மைய விஞ்ஞானிகள் பங்கேற்ற ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டியது. அது மத்திய இந்தியா, அதுவும் தென்மேற்குப் பருவத்தின் கடைசி. நம் வடகிழக்குப் பருவமழை வேறு கதை. நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. அருகிலுள்ள காங்ஸ்ஃபியோர்டன் என்ற குறுகிய கடற்கழியில், சுமார் 190 மீட்டர் ஆழக் கடலில் 2014-இல் நங்கூரமிட்ட இண்டார்க் கருவி, நீரின் வெப்பத்தையும் உப்பையும் ஆண்டு முழுவதும் பதிவு செய்வதற்காக வைக்கப்பட்டது. சென்னை வெள்ளத்துக்கு ஆர்க்டிக்தான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.